ரொசாரியோ என்பவர் ஒரு பெண்: ஸ்பானிஷ் பக்திப் பெயரின் பொருளையும் பிறப்பையும் தேடும் முறை

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில், வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசராகச் சேர்ந்த முதல் ஆண்டில், சரக்கு வாங்கும் ஸ்பெயின் நிறுவனத்திலிருந்த பையர் ஒருவருக்கு மூன்று வார காலம் ‘மிஸ்டர் ரொசாரியோ’ என்றே மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தேன். கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த தூத்துக்குடி நண்பனின் குடும்பப் பெயர் ரொசாரியோ என்பதால், அந்தப் பெயரைப் படித்தாலே மீசை வைத்த ஒரு முகம்தான் எனக்கு நினைவுக்கு வரும். நான்காவது வாரத்தில் அதே நிறுவனத்திலிருந்து ‘சாரோ’ என்று கையெழுத்திட்ட ஒரு மின்னஞ்சல் வந்தது. பொறுப்பு வேறொருவருக்கு மாறிவிட்டது என்று எண்ணி, ஏற்கெனவே ரொசாரியோவுக்கு அனுப்பியிருந்த சைஸ் செட் சாம்பிளையே, அதாவது ஒவ்வோர் அளவிலும் தைத்த மாதிரி ஆடைகளையே, மறுபடியும் தைத்து, சாரோவின் பெயருக்குக் கூரியரில் அனுப்பிவைத்தேன். இரண்டு பார்சல்களும் ஒரே பெண்மணியின் மேசையில் போய் இறங்கின. சாரோ என்பது ரொசாரியோவின் செல்லப் பெயர் என்றும், தாம் ஒரு பெண் என்றும் அவர் பொறுமையாக எழுதியிருந்ததை என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்த மூத்த ஊழியர், “‘ஓ’ல முடிஞ்சா ஆம்பளப் பேருன்னு உங்களுக்கு யாருங்க தம்பி சொன்னாங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனதில் கற்றுக்கொண்டதை, இதே போன்ற பெயர்களை நாள்தோறும் திரையில் பார்க்கிறவர்களுக்காகவும், பிள்ளைக்கு இத்தகைய பெயரொன்றைச் சூட்ட எண்ணிப் பொருள் தேடுகிறவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது, காணாமல் போன தலையைத் தேடிப் பொருத்துவது. ஸ்பானிஷ் மொழியில் பெண்களுக்கு வழங்கும் பக்திப் பெயர்களில் பெரும் பகுதி முழுப் பெயர்கள் அல்ல. அவை இயேசுவின் தாயான மரியாளுக்குரிய பட்டங்களின் பின்பாதிகள். ரொசாரியோ என்பதன் முழு வடிவம் மரியா தெல் ரொசாரியோ, அதாவது ‘ஜெபமாலையின் மரியாள்’. தொலோரெஸ் என்பது மரியா தெ லோஸ் தொலோரெஸ், ‘துயரங்களின் மரியாள்’. பிலார் என்பது மரியா தெல் பிலார், ‘தூணின் மரியாள்’. ஊரில் பாதிப் பெண்களுக்கு மரியா என்றே பெயர் இருந்தால் ஒருத்தியை மற்றொருத்தியிடமிருந்து பிரித்து அழைக்க வேண்டியிருக்குமல்லவா? பட்டம் அதற்குப் பயன்பட்டது. நாளடைவில் மரியா உதிர்ந்து, பட்டம் மட்டும் நாவில் தங்கிவிட்டது. இதை மறந்துவிட்டு அகராதியைப் புரட்டினால், தொலோரெஸ் என்பதற்கு ‘வலிகள்’ என்றும், சொலெதாத் என்பதற்கு ‘தனிமை’ என்றும், பிலார் என்பதற்குத் ‘தூண்’ என்றும் விடை வரும். பெற்ற பெண்ணுக்கு வலி என்று பெயர் வைக்கும் தாய் எங்கே இருக்கிறாள் என்று திகைக்க நேரும். அந்தச் சொல் குழந்தையை வருணிப்பதற்காக வைக்கப்பட்டதன்று. குழந்தை யாருடைய பாதுகாப்பில் ஒப்படைக்கப்பட்டாள் என்பதைச் சொல்வதற்காக வைக்கப்பட்டது.

தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு இதில் புதுமை எதுவும் இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். சகாயமேரி, ஆரோக்கியமேரி, அடைக்கலமேரி, லூர்துமேரி என்று நம் ஊர்களில் வழங்கும் பெயர்களும் இதே அச்சில் வார்க்கப்பட்டவைதாம். வேறுபாடு ஒன்றே: தமிழில் மேரி பெரும்பாலும் கூடவே நிற்கிறாள், ஸ்பானிஷில் மறைந்து நிற்கிறாள். தமிழிலும் அமலோற்பவம், சகாயம், ஆரோக்கியம், ஜெபமாலை எனப் பட்டம் மட்டுமே தனித்து நின்று பெயராவது உண்டு. ஆகவே ஒரு ஸ்பானிஷ் பெயரின் முழு வடிவத்தை மீட்டவுடன், அதற்கு இணையான தமிழ்ப் பட்டம் எது என்று கேட்டுப் பார்ப்பது நல்ல வழி. தொலோரெஸ் என்பவள் வியாகுல மாதா. சொக்கோர்ரோ என்பவள் சகாய மாதா. கொன்செப்சியோன் என்பவள் அமலோற்பவ மாதா, அதாவது பாவ மாசின்றிக் கருவான அன்னை. ரொசாரியோவுக்கு இணையைத் தேடிக் கோயம்புத்தூரைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. சோமனூரின் விசைத்தறிச் சத்தம் கேட்கும் தூரத்தில், கருமத்தம்பட்டியில் இருக்கும் ஆலயம் ஜெபமாலை அன்னைக்கு உரியது. 2019ஆம் ஆண்டில் அது பசிலிக்கா என்ற சிறப்புத் தகுதிக்கு உயர்த்தப்பட்டது. அந்த வட்டாரத்தில் ஜெபமாலை மேரி என்று பெயருள்ள ஒரு பெண்ணும், ஸ்பெயினில் மரியா தெல் ரொசாரியோ என்று பெயருள்ள ஒரு பெண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் உடையவர்கள்.

முழு வடிவம் கிடைத்த பிறகு, பட்டத்தின் உள்ளே இருக்கும் சொல்லை எடுத்து மூன்று அடுக்குகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்: சொல்லின் வேர், அந்தச் சொல் குறித்த பொருள் அல்லது வழக்கம், பிறகு அது எவ்வாறு மரியாளின் பட்டமாயிற்று என்ற வரலாறு. பெயரகராதித் தளங்கள் பெரும்பாலும் முதல் அடுக்கோடு நின்றுவிடுகின்றன. ரொசாரியோவுக்கு ‘ரோஜா’ என்று ஒரு வரியில் பொருள் எழுதி, கீழே அதிர்ஷ்ட எண்ணும் அதிர்ஷ்டக் கல்லும் போட்டு முடித்துவிடும் தளங்களை நம்பிப் பெயர் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சற்றே வருத்தமாக இருக்கும்.

ரொசாரியோவின் வேர் லத்தீன் மொழியின் ‘ரொசாரியும்’ என்ற சொல். அது ரோஜா மலரைக் குறிப்பதன்று. ரோஜாத் தோட்டத்தைக் குறிப்பது. இடைக்கால ஐரோப்பாவில், பல நூல்களிலிருந்து பொறுக்கித் தொகுத்த நல்லுரைகளுக்கும் இந்தப் பெயரை இட்டனர். பூக்களைப் பறித்துத் தொகுப்பது போன்ற எண்ணம் அது. மரியாளை நோக்கிச் சொல்லும் மங்கள வார்த்தை ஜெபம் ஒவ்வொன்றும் ஒரு ரோஜா, அவற்றைத் தொகுத்தால் கிடைப்பது அவளுக்குச் சூட்டும் மலர்முடி என்ற கற்பனையில்தான், மணிகளை உருட்டிச் சொல்லும் இந்த ஜெபத்தொடருக்கு ரொசாரியும் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது இரண்டாம் அடுக்கு. துறவி மடங்களில் விவிலியத்தின் 150 திருப்பாடல்களையும் முறைவைத்துப் பாடுவார்கள். லத்தீன் படிக்கத் தெரியாத எளிய மக்கள் அவற்றுக்கு ஈடாக 150 முறை ஒரு சிறு ஜெபத்தைச் சொன்னார்கள். எண்ணிக்கை தவறாமலிருக்க முடிச்சிட்ட கயிறும் மணிக்கோவையும் பயன்பட்டன. 15ஆம் நூற்றாண்டில் மரியாளின் வாழ்வையும் இயேசுவின் வாழ்வையும் பற்றிய தியானங்கள் இந்த மணிகளோடு இணைந்தன. டொமினிக்கன் சபைத் துறவியான ஆலன் தெ லா ரோஷ் இதை ஊர் ஊராகப் பரப்பினார். அவர் இறந்த 1475ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் கொலோன் நகரில் ஜெபமாலைக்கென ஒரு பக்த சபை தொடங்கப்பட்டது. இன்றும் நம் ஆலயங்களில் மூத்தவர்கள் ‘153 மணி ஜெபமாலை’ என்று சொல்வதைக் கேட்கலாம். பத்து மங்கள வார்த்தை ஜெபங்கள் சேர்ந்தது ஒரு ‘பத்து’. 15 பத்துகளுக்கு 150, தொடக்கத்தில் சொல்லும் மூன்று, ஆக 153. கையில் வைத்திருக்கும் மாலையில் ஐந்து பத்துகளே இருப்பதால், சிலுவைக்கு மேலே வரும் சிறு தொங்கலையும் சேர்த்து 59 மணிகளே இருக்கும். 53 சிறியவை, ஆறு பெரியவை. ஐயமுள்ளவர்கள் ஒரு மாலையை வாங்கி எண்ணிப் பார்க்கலாம்; நான் கருமத்தம்பட்டிக் கடையொன்றின் முன்னால் நின்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கடைக்காரர் நான் விலை பேசத் தயங்குவதாக நினைத்துக்கொண்டு பத்து ரூபாய் குறைத்துக் கொடுத்தார்.

மூன்றாம் அடுக்கில்தான் ஸ்பெயின் நாடு வருகிறது. ஜெபமாலையை மரியாளே காட்சி தந்து புனித தோமினிக்கின் கையில் கொடுத்தாள் என்பது மரபு வழிக் கதை. டொமினிக்கன் சபையை நிறுவிய அவர் ஸ்பெயினின் காஸ்தில் பகுதியிலுள்ள கலெருவேகா என்ற ஊரில் பிறந்தவர், 1221இல் மறைந்தவர். வரலாற்றாய்வாளர்கள் இந்தக் கதையை ஏற்பதில்லை; ஜெபமாலை இன்றைய வடிவத்தை அடைந்தது அவருக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னரே என்று காட்டுகிறார்கள். ஆயினும் பெயரின் வரலாற்றைத் தேடுபவர் மரபுக் கதையைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது. பெயர் வைக்கும் தாய் நம்பியது ஆய்வாளரின் கட்டுரையை அன்று, அந்தக் கதையைத்தான். அதற்குப் பிறகு நடந்தது ஐயத்துக்கு இடமில்லாதது. டொமினிக்கன் சபையைச் சேர்ந்தவரான போப்பாண்டவர் ஐந்தாம் பயஸ் 1569இல் ஜெபமாலையின் வடிவத்தை உறுதிசெய்தார். 1571 அக்டோபர் 7ஆம் நாள், கிரேக்கக் கரைக்கு அருகே லெபாந்தோவில் நடந்த கடற்போரில், ஸ்பெயின், வெனிஸ், போப்பாண்டவரின் அரசு ஆகியவற்றின் கூட்டுக் கப்பற்படை ஒட்டோமான் கப்பற்படையை வென்றது. படையை நடத்தியவர் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்புக்கு ஒரே தந்தைக்குப் பிறந்த தம்பியான தோன் ஹுவான். வெற்றிக்குக் காரணம் மக்கள் சொன்ன ஜெபமாலையே என்று கருதிய போப்பாண்டவர், அந்த நாளை வெற்றி அன்னையின் திருநாளாக அறிவித்தார். 1573இல் அவருக்குப் பின் வந்த பதின்மூன்றாம் கிரகோரி அதை ஜெபமாலைத் திருநாள் என்று மாற்றினார். 1716இல் அது உலகத் திருச்சபை முழுமைக்கும் உரியதாயிற்று. ஸ்பெயினின் கப்பல்கள் வென்ற ஒரு நாள், ஸ்பெயின் நாட்டுத் துறவியின் பெயரோடு பிணைந்த ஒரு பக்தி முயற்சி என்றெல்லாம் கூடிவந்த பிறகு, ரொசாரியோ என்ற பெயர் ஸ்பானிஷ் குடும்பங்களில் வேரூன்றியதில் வியப்பில்லை. கடல் கடந்தும் அது சென்றது. அர்ஜென்டினாவில் மெஸ்ஸி பிறந்த நகரின் பெயரும் ரொசாரியோதான். அந்த ஊருக்கு ஜெபமாலை அன்னையே பாதுகாவலி.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஜெபமாலை என்ற நம் சொல்லைப் பார்த்ததும், ரொசாரியோவின் பிறப்பு இந்தியாவில்தான் என்று நிறுவிவிடும் ஆசை எழுவது இயல்பு. ‘ஜபா’ என்றால் சமஸ்கிருதத்தில் செம்பருத்திப் பூ. ‘ஜப’ என்றால் முணுமுணுத்துச் சொல்லும் மந்திரம். ‘ஜபமாலா’ என்பதைப் பூமாலை என்று பிழையாகப் புரிந்துகொண்ட யாரோ அதை ரோஜா மாலையாக மொழிபெயர்த்துவிட்டார்கள் என்று 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் ஓர் ஊகமும் எழுந்தது. கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. ஆனால் லத்தீன் சொல் தன் சொந்த மண்ணிலேயே ரோஜாத் தோட்டத்திலிருந்து மலர்த்தொகுப்பாக வளர்ந்த தடம் தெளிவாக இருக்கும்போது, அந்த ஊகம் தேவைப்படவில்லை. பெயர்களின் வேரைத் தேடுபவர், தமக்குப் பிடித்த விடையைத்தான் இரு மடங்கு சந்தேகிக்க வேண்டும். மாலை என்ற தமிழ்ச் சொல்லில் மலர் மணம் இருப்பதும், ரொசாரியோவில் ரோஜா மணம் இருப்பதும் இரு மொழிகளும் தனித்தனியே கண்டடைந்த ஒற்றுமை. அப்படியே வைத்துக்கொண்டு மகிழலாம்.

கார்மென் என்ற பெயர் இதைவிட நுட்பமான பொறி. லத்தீனில் ‘கார்மென்’ என்றால் பாட்டு. ஆகவே ‘பாடல்’ என்று பொருள் எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அந்தப் பெயர் மரியா தெல் கார்மென். கார்மேல் மலையின் மரியாள், நம் ஊர்க் கார்மேல் மாதா. கார்மேல் என்பது திராட்சைத் தோட்டத்தையோ பழத்தோட்டத்தையோ குறிக்கும் எபிரேயச் சொல். லத்தீன் பாட்டு, மலையின் பெயரை வாயில் சற்றே திரித்துவிட்டதே தவிர, பெயருக்குப் பிறப்பிடம் அன்று. மெர்செதெஸ் பற்றியும் ஒரு சொல். அது மரியா தெ லாஸ் மெர்செதெஸ். இரக்கத்தின், மீட்பின் அன்னை. சிறைபிடிக்கப்பட்ட கிறிஸ்தவர்களைப் பணம் கொடுத்து மீட்பதற்காக 1218இல் பார்சலோனாவில் பேதுரு நொலாஸ்கோ தொடங்கிய துறவற சபையோடு இணைந்த பட்டம் அது. கூலி, விலை என்ற பொருள் தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எமில் யெல்லினெக் என்ற வணிகர் தம் மகளைச் செல்லமாக அழைத்த இந்தப் பெயரை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாம் விற்ற டைம்லர் கார்களுக்கும் இட்டார். அவினாசி சாலையில் நம்மை முந்திச் செல்லும் மெர்சிடிஸ் ஒவ்வொன்றும், அதன் உரிமையாளர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும், பின்பக்கத்தில் மரியாளின் பட்டம் ஒன்றைச் சுமந்துகொண்டுதான் போகிறது.

பட்டத்தின் வாலில் இருப்பது பொருளோ குணமோ அன்றி ஓர் ஊரின் பெயராகவும் இருக்கலாம். அப்போது அகராதியைவிட வரைபடம்தான் உதவும். மொன்செர்ராத் என்பது பார்சலோனாவுக்கு அருகிலுள்ள மலை. ரம்பப் பல் போன்ற சிகரங்களால் ‘அறுபட்ட மலை’ என்ற பெயர் பெற்றது. மலைமேல் மடம், மடத்தில் கரிய நிறத்து அன்னை. மலைக்குப் பெயர், மலையால் அன்னைக்குப் பெயர், அன்னையால் பெண்ணுக்குப் பெயர். கொங்கு நாட்டவருக்கு இந்தப் படிநிலையை விளக்க வேண்டியதே இல்லை. மருதமலையால் மருதாசலமூர்த்தி, அவரால் மருதாசலம் என்று பெயர் கொண்ட எத்தனையோ பேர், சென்னிமலையால் சென்னியப்பன், பழனியால் பழனிச்சாமியும் பழனியம்மாளும். சத்தியமங்கலம் காட்டோரத்திலுள்ள பண்ணாரி ஊரின் பெயராகவும் அம்மனின் பெயராகவும் மனிதர்களின் பெயராகவும் வழங்குகிறது. பண்ணாரி என்று பெயருள்ளவரிடம் உங்கள் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டால், சொல்லைப் பிரித்துப் பொருள் சொல்ல மாட்டார், அம்மனின் கதையைத்தான் சொல்வார். குவாதலூப்பே என்ற பெயருடைய மெக்சிகோப் பெண்ணும் அதையேதான் செய்வார். அந்தச் சொல்லின் முன்பாதி ஆற்றுப் பள்ளத்தாக்கைக் குறிக்கும் ‘வாதி’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பதோ, ஸ்பெயினின் எக்ஸ்த்ரெமதூராவில் அந்தப் பெயரில் ஒரு பழைய திருத்தலம் இருக்கிறது என்பதோ அவருக்குத் தேவையில்லை. 1531இல் தெபெயாக் குன்றில் அன்னை தோன்றினாள் என்ற கதையும், டிசம்பர் 12 திருநாளுமே அவருக்குப் பொருள். ஊர்ப் பெயரை அடியாகக் கொண்ட பெயர்களில் சொற்பொருள் குறைவாகவும் கதைப்பொருள் மிகுதியாகவும் இருக்கும். எழுதும்போது அந்த விகிதத்தைக் காப்பாற்றுங்கள்.

இனி, என்னைக் கவிழ்த்த பால் வேறுபாட்டுக்கு வருவோம். ஸ்பானிஷில் ‘ஓ’ என்று முடியும் சொற்கள் பெரும்பாலும் ஆண்பாற் பெயர்ச்சொற்கள் என்பது உண்மைதான். ஜெபமாலை என்ற பொருளைக் குறிக்கும்போது ரொசாரியோவும் ஆண்பால்தான். ஆனால் பெயரின் தலை மரியா என்பதால், பெயருக்குரியவர் பெண். கொன்சுவெலோ, சொக்கோர்ரோ, அம்பாரோ, ரொசியோ ஆகியவையும் இப்படியே ‘ஓ’ என்று முடியும் பெண் பெயர்கள். தொலோரெஸ், மெர்செதெஸ், ரெமெதியோஸ் ஆகியவை பன்மைச் சொற்கள்; பெண் ஒருத்திதான். கடிதத்தில் ஐயம் வந்தால் பெயரைப் பார்க்காமல், அதைச் சுற்றியுள்ள சொற்களைப் பாருங்கள். செஞோரா, தோஞா போன்ற முன்னொட்டுகளும், ‘அன்புள்ள’ என்ற பொருளில் வரும் ‘எஸ்திமாதா’, ‘கெரீதா’ ஆகியவையும் ‘ஆ’ என்று முடிந்தால் பெண்ணைக் குறிக்கும். ‘ஓ’ என்று முடிந்தால் ஆணைக் குறிக்கும். இந்தச் சொற்கள் ஆளின் பாலைப் பின்பற்றுமே தவிர, பெயர்ச்சொல்லின் பாலைப் பின்பற்றா. எம் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் தூக்கி எழுதிய சிறிய ஏ இருந்தால், அது மரியாவின் சுருக்கம். இரட்டைப் பெயர்களில் முதற்பெயரே தீர்ப்பு சொல்லும்: மரியா ஹொசே பெண், ஹொசே மரியா ஆண். மெக்சிகோவில் ஹொசே குவாதலூப்பே என்று ஆண்களும் உண்டு. எலும்புக்கூட்டு ஓவியங்களால் புகழ்பெற்ற செதுக்கோவியர் பொசாதாவின் முதற்பெயர் அதுவே. இத்தாலியிலோ ரொசாரியோ ஆண்களின் பெயர், பெண்ணானால் ரொசாரியா. என் தூத்துக்குடி நண்பனின் பெயர் மூன்றாவது வழியில் வந்தது: 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையில் ஞானஸ்நானத்தோடு வந்து சேர்ந்த போர்ச்சுகீசியக் குடும்பப் பெயர்களின் வரிசையில் அதுவும் ஒன்று. ஆகவே ரொசாரியோ என்ற பெயரைக் கண்டவுடன் எந்த நாட்டு ரொசாரியோ, முதற்பெயரா குடும்பப் பெயரா என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுவிட்டுப் பிறகு ‘மிஸ்டர்’ போடுங்கள்.

செல்லப் பெயர்களை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிக்கொள்வது நல்லது. நான் அவ்வாறே செய்தேன். அருக்காணியை அருக்கு என்றும், பழனியம்மாளைப் பழனா என்றும் கூப்பிடும் நமக்கு, பெயர் சுருங்குவது விளங்கும். ஆனால் ஸ்பானிஷ் செல்லப் பெயர்கள் பல முன்பகுதியை விட்டுவிட்டு வாலிலிருந்து முளைப்பதால் அடையாளமே தெரியாமல் போய்விடும். ரொசாரியோ ஸ்பெயினில் சாரோ, மெக்சிகோவில் சாயோ. தொலோரெஸ், லோலா. கொன்சுவெலோ, செலோ. கொன்செப்சியோன், கொஞ்சா அல்லது கொஞ்சீத்தா. மெர்செதெஸ், மெர்சே. குவாதலூப்பே, லூப்பே, லூப்பீத்தா. மரியா தெ ல சொலெதாத் பலசமயம் மரிசோல் ஆகிவிடுகிறாள். ஸ்பெயினின் பிளமென்கோ என்ற ஆடல்பாடல் உலகில் கொடிகட்டிப் பறந்த லோலா பிளோரெஸ், 1923இல் பிறந்தபோது மரியா தொலோரெஸ். அவருடைய பெண் மக்களில் ஒருவர் லோலீத்தா, அதாவது அவரும் தொலோரெஸ்தான். மற்றொருவர், பாடகியும் நடிகையுமான ரொசாரியோ. ஒரே வீட்டில் வியாகுல மாதாவும் ஜெபமாலை மாதாவும்!

பெயர் எந்தத் தலைமுறைக்குரியது என்று அறிய விரும்பினால், ஸ்பெயினின் தேசியப் புள்ளியியல் நிறுவனத்தின் இணையத்தில் ஒரு பெயரைத் தட்டினால், அந்தப் பெயருடையவர்கள் எத்தனை பேர், சராசரி வயது என்ன, எந்த மாகாணத்தில் மிகுதி என்பதையெல்லாம் காட்டும். ரொசாரியோ, தொலோரெஸ் போன்றவை அங்கே பெரும்பாலும் பாட்டிமாரின் தலைமுறைப் பெயர்கள். நம் பக்கத்தில் அருக்காணி, பொன்னாத்தாள் என்ற பெயர்கள் இருக்கும் அதே இடத்தில் அவை இருக்கின்றன. பிள்ளைக்குப் பெயர் தேடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. பாட்டி பெயர் என்பதற்காக ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பொன்னாத்தாள் என்பதைவிட அழகான பெயர் எனக்குத் தெரியாது.

திருநாளையும் கண்டுபிடித்துவிடுங்கள். ஸ்பானிஷ் மரபில் பிறந்தநாளைப் போலவே பெயர்நாளுக்கும் வாழ்த்துச் சொல்வார்கள். மூத்த தலைமுறையினர் அதை மிகவும் மதிப்பார்கள். ரொசாரியோவுக்கு அக்டோபர் 7, பிலாருக்கு அக்டோபர் 12, மெர்செதெஸுக்குச் செப்டம்பர் 24, தொலோரெஸுக்குச் செப்டம்பர் 15, கார்மெனுக்கு ஜூலை 16, கந்தெலாரியாவுக்குப் பிப்ரவரி 2, கொன்செப்சியோனுக்கு டிசம்பர் 8.

தமிழில் எழுதும் முறை பற்றிச் சில குறிப்புகள். ஆங்கிலத்தின் வழியாக வந்த உச்சரிப்பை நம்பி ‘ரொஜாரியோ’ என்று எழுத வேண்டாம். ஸ்பானிஷில் அந்த ஒலியே கிடையாது. இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் தமிழ்ச் சகரம் எப்படி ஒலிக்கிறதோ, பாசம் என்பதில் வருவது போல, அப்படித்தான் ரொசாரியோவின் நடு எழுத்தும் ஒலிக்கும். அழுத்தம் ‘சா’வின் மேல் விழும். போர்ச்சுகீசியர்கள்தான் அந்த இடத்தை அதிரச் சொல்வார்கள். ஸ்பானிஷின் தகரம் பல்லைத் தொடும் ஒலி என்பதால் டொலோரெஸ் என்பதைவிடத் தொலோரெஸ் என்பதே நெருக்கம். தோசை என்று சொல்லும்போது வரும் தகரத்தை வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தின் மேல் அலைக்கோடு போட்ட ஸ்பானிஷ் ‘ன’ நம் ஞகரமே. பெகோஞா என்று தயங்காமல் எழுதலாம். ஐரோப்பிய மொழிப் பெயர்களுக்குத் தமிழ் எழுத்து போதாது என்று அலுத்துக்கொள்பவர்கள், ஆங்கிலத்தால் எழுத முடியாமல் திணறும் இந்த ஒலிகளுக்கு நம்மிடம் தனி எழுத்தே இருப்பதைக் கவனிப்பதில்லை.

சென்ற மாதம் வந்த ஒரு மின்னஞ்சலில் இந்த முறை முழுவதையும் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. மின்னஞ்சலின் அடியில் ‘சலூத்’ என்று மட்டும் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண், அதை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்துவிட்டு, “அண்ணா, இவங்க பேரே எழுதலீங்க, ‘சியர்ஸ்’னு போட்டு முடிச்சிருக்காங்க” என்றார். ஸ்பானிஷில் கோப்பையை உயர்த்தும்போதும், பக்கத்தில் இருப்பவர் தும்மும்போதும் சலூத் என்று சொல்வது உண்டு என்பதால், செயலியைக் குறை சொல்ல முடியாது. தலையைப் பொருத்திப் பார்த்தோம்: மரியா தெ ல சலூத். சொல்லின் வேர், நலத்தையும் உடல் நலத்தையும் குறிக்கும் லத்தீன் சொல். சலூத் அன்னையின் திருநாள் ஸ்பெயினில் ஊருக்கு ஊர் மாறும். இன்ன நாள் என்று அடித்துச் சொல்ல முடியாது. இணையான தமிழ்ப் பட்டத்தைத் தேட வேண்டிய அவசியமே எழவில்லை. அந்தப் பெண்ணின் பாட்டி ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் வேளாங்கண்ணிக்குப் போய் வருகிறவர். “அப்ப இவங்க ஆரோக்கியமேரீங்களா?” என்று கேட்டுவிட்டு, அவரே உட்கார்ந்து ‘எஸ்திமாதா சலூத்’ என்று பதிலைத் தொடங்கி, லேப் டிப் எனப்படும் சாய மாதிரித் துணிக்கான ஒப்புதலை நினைவூட்டி அனுப்பிவைத்தார்.